சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள்

சகோதர சகோதரிகளே, என் மகனுக்காக நான் கேட்ட ஜெபம் கேட்கப்பட்டது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அழாமல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1943-ஆம் வருடக் கடைசி, ஜப்பான்காரன் காலம். சிரம்பானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதம். ஒரு தகவலும் இல்லை. கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை. அதில் நான், நான்கு வயது மகள் எஸ்தர், பிறந்து பன்னிரண்டு நாளான மகன். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான்.

ஒரு காலை எஸ்தருக்கு உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை. கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொண்டால் தாங்குமா? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை.

பக்கத்து அறை முனியம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். "மூத்தத என்கிட்ட குடு. எனக்குச் சின்ன வயசுலயே போட்டுருச்சி, ஒண்ணும் செய்யாது. தண்ணி ஊத்துற வரைக்கும் நீ இந்தப் பக்கம் காலு வைக்காத."

அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். எஸ்தரை வேப்பிலையில் படுக்க வைத்தார். நான் தடுக்கவில்லை. என் மகளைத் தொட முன்வந்தவர் அவர் ஒருவர்தான்.

லயத்துச் சுவர் கூரை வரை போகாது. அந்தப் பக்கம் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். "அம்மா, ஒரே ஒரு தடவ வாம்மா" என்பாள். "தண்ணி ஊத்துனதும் தூக்கிக்கிறேன், கண்ணு" என்பேன். குழந்தை அழுதால், "தம்பிக்குப் பாலு குடும்மா" என்று அவளே சொல்வாள்.

முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தப் பச்சை மண்ணுக்கு வராமல் காத்துக்கொள்ளும்" என்று கேட்டேன். எந்நேரமும் இதே ஜெபம். எஸ்தருக்காகக் கேட்கவே இல்லை. தோட்டத்தில் மணல்வாரி வராத பிள்ளை கிடையாது. வரும், இறங்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம், எழுந்து ஓடும். அப்படித்தான் நினைத்தேன். மடச்சி நான்.

ஏழாம் நாள் அம்மை இறங்கிவிட்டது. மறுநாள் தண்ணீர் ஊற்ற மஞ்சள்கூட அரைத்தாயிற்று. அன்று மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முனியம்மா அக்கா சுவரைத் தட்டி, "வா, வந்து தூக்கு" என்றார். தண்ணீர் ஊற்றும் முன்பே கூப்பிடுகிறார் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. ஓடினேன். என் மடியில்தான் போனாள்.

சின்னவனுக்கு ஒரு பொட்டுக்கூட வரவில்லை. கேட்டதைக் கர்த்தர் அப்படியே கொடுத்தார். ரொம்ப நாள் நான் அவரோடு பேசவில்லை. சின்னவன் முதன்முதலாக என் முகம் பார்த்துச் சிரித்த அன்றுதான் வாய் திறந்து நன்றி சொன்னேன். இன்று அவன் சிரம்பான் பக்கம் ரஹாங்கில் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

அவளை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் போலப் பேசவும் மாட்டேன். ஆனால் அவர் கேட்கிறவர். அது எனக்குத் தெரியும். இப்போது நோய் வந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனால், படுத்திருக்கும் பிள்ளையின் பெயரோடு ஓடித் திரியும் பிள்ளைகளின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் ஆமென். நீங்களும் நம்பி, எல்லாருக்காகவும் கேளுங்கள். கர்த்தரிடம் சிக்கனம் பார்க்காதீர்கள்.