கோடு விழாத கட்டங்கள்

நாற்பத்தாறு வயதில் யாராவது மறுபடியும் மாணவியாவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நான் ஆனேன். கல்வியியலில் முதுமாணிப் பட்டம் இருந்தால் பாடசாலை அதிபர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு படி முன்னால் நிற்கலாம் என்பதுதான் காரணம். அறிவுத் தாகம் என்றெல்லாம் சொன்னால் பொய். சனி ஞாயிறுகளில் மாத்தளையிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறிப் போய் வகுப்பில் உட்கார்ந்தேன். எனக்கு இருபத்து மூன்று வருட அனுபவம். விரிவுரையாளர் பலகையில் ‘வகுப்பறை முகாமைத்துவம்’ என்று எழுதும்போதெல்லாம், இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவா என்று வாய்வரை வரும். அடக்கிக்கொண்டு குறிப்பெடுப்பேன்.

இரண்டாம் வருடத்தில் ஆறு வாரக் களப்பயிற்சி இருந்தது. சொந்தப் பாடசாலையில் செய்யக் கூடாது. வேறொரு பாடசாலையில் பாடம் நடத்த வேண்டும். அங்குள்ள அதிபர் மூன்று பாடங்களைப் பார்த்துப் புள்ளி போடுவார். கடைசிப் பாடத்துக்கு விரிவுரையாளரும் வருவார். இதில் தவறினால் பட்டம் இல்லை. எனக்கு யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை கிடைத்தது. முதல் நாள் அலுவலகத்துக்குள் காலை வைத்ததுமே அதிபர் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார்.

“டீச்சர்! நீங்களா? உக்காருங்க டீச்சர்.”

யார் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாத்தளை டவுனில், என்னிடம் படித்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர்களுடைய கடை எரிந்து, குடும்பம் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியபோது, வருடத்தின் நடுவில் என் வகுப்புக்கு வந்து சேர்ந்த பையன். இப்போது தலையில் பாதி முடி இல்லை. அன்றைக்கு ‘இங்க வாடா’ என்று கூப்பிட்டவரை இன்றைக்கு ‘சேர்’ என்று கூப்பிட வேண்டும். முதல் வாரம் முழுக்க எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தேன்.

முதல் பாடத்தன்று அவர் வகுப்பு வாசலில் ஐந்து நிமிடம் நின்றார், தலையாட்டினார், போய்விட்டார். பள்ளி விடும் நேரத்தில் என் மதிப்பீட்டுப் படிவம் மேசைக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் முழுப் புள்ளி. புத்தியுள்ளவள் அதை மடித்துப் பையில் வைத்திருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. நேரே அலுவலகத்துக்குப் போனேன்.

“சேர், நீங்க பாடத்தைப் பாக்கவே இல்லையே.”

‘சேர்’ என்ற சொல் கோபத்தில்தான் முதல்முறை வாயிலிருந்து வந்தது.

“உங்ககிட்ட படிச்சவன் டீச்சர் நான். உங்களுக்கு நான் புள்ளி போடுறதா?”

“பாக்காம போட்ட புள்ளி எனக்கு வேணாம். அடுத்த பாடத்துக்கு முழு நேரமும் இருக்கணும்.”

உண்மையைச் சொன்னால், பார்த்தாலும் அதே முழுப் புள்ளிதான் விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இரண்டாவது பாடம் எட்டாம் வகுப்புக்கு. விஞ்ஞானம், ஆவியாதல். அவர் பின்னால் கதிரை போட்டு, மடியில் ஒரு வெள்ளைத் தாளுடன் உட்கார்ந்தார். நான் வெளுத்துக் கட்டினேன். ஈரக் கைக்குட்டையை ஜன்னலில் காயப் போட்டுக் காட்டினேன், கேள்வி மேல் கேள்வி கேட்டேன், பிள்ளைகள் கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்னார்கள், சிரித்தார்கள். மணியடிக்கவும் பாடம் முடியவும் சரியாக இருந்தது. பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார். நான் யாரிடம் கேள்வி கேட்டேனோ அவர்களுடைய கட்டத்தில் ஒரு கோடு. முன் வரிசையில் மூன்று கட்டங்கள் கோடுகளால் நிறைந்து கிடந்தன. நடுவில் ஆளுக்கு ஒன்றிரண்டு. பின் வரிசையில், ஜன்னலோரம், நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

அந்த நான்கு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பேருடைய அம்மாமார் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். நான்காவது பிள்ளை சண்டைக்குப் பயந்து வவுனியாப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து, தோட்டத் தொழிலாளர் லயத்தில் மாமாவின் ஒற்றைக் காம்பராவில் தங்கியிருந்தவள்.

“அந்தப் பிள்ளைங்க பாவம் சேர்,” என்றேன். “எழுப்பி நிக்க வச்சு கூச்சப்படுத்த வேணாம்னுதான் கேக்கல.”

“தெரியும் டீச்சர். என்னையும் அப்படித்தான் விட்டீங்க.”

நான் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

“ரெண்டு வருஷம் உங்க கிளாஸ்ல இருந்தேன். ஒரு கேள்வி கேக்கல. அடிச்சதும் இல்ல, ஏசினதும் இல்ல. கொப்பியில வீட்டுவேலை செய்யாட்டி மத்தவங்களுக்கு அடி விழும், எனக்கு விழாது.”

நேரசூசி வாசிப்பவரைப் போலத்தான் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இந்த முறை பாதிக்குக் கொஞ்சம் மேலே புள்ளி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

பஸ்ஸில் மாத்தளை வரை மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். கொப்பி வாங்கிக் கொடுத்தது யார்? பழைய சப்பாத்து தேடிக் கொடுத்தது யார்? அந்த இரக்கத்தை எத்தனை வருடமாக ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கியபோதும் சண்டை ஓயவில்லை. அடையாள அட்டையை சிப்பாய் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பையனின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றேன். கையெழுத்து நினைவிருந்தது. தோளில் தையல் விட்ட சட்டை நினைவிருந்தது. குரல் வரவில்லை. கேட்டிருந்தால்தானே வரும். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கடைசிப் பாடத்தன்று விரிவுரையாளர் கண்டியிலிருந்து வந்து அதிபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது பாடத்தில் குறைந்த புள்ளியை இதில்தான் ஈடுசெய்ய வேண்டும். முன் வரிசை மூன்று பேரைக் கேட்டால் போதும், என்னைக் கரை சேர்த்துவிடுவார்கள். நான் ஜன்னலோரம் பார்த்து வவுனியாப் பிள்ளையை எழுப்பினேன்.

“கராம்பைக் காயப் போட்டா ஏன் பாரம் குறையுது?”

அவள் எழுந்து நின்றாள். முன் வரிசை “டீச்சர், டீச்சர்” என்று கைகளை ஆட்டியது. கையை இறக்கச் சொன்னேன். அவள் கழுத்துப் பட்டியின் நுனியைச் சுருட்டினாள், விரித்தாள். விரிவுரையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு பதிலுக்காக நான் அவ்வளவு நேரம் காத்து நின்றதில்லை.

“தெரியாது டீச்சர்.”

சின்னக் குரலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கணீரென்று இருந்தது.

“சரி. பச்சைக் கராம்பைத் தொட்டுப் பாத்திருக்கியா? எப்படி இருக்கும்?”

“ஈரமா இருக்கும்.”

“அந்த ஈரம் எங்க போகுது?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அவனும் அந்த நால்வரில் ஒருவன்தான். நான் விடிய விடிய வரைந்து கொண்டுவந்த படத்தைத் தொங்கவிடுவதற்கு முன்பே மணியடித்துவிட்டது. பாடம் பாதியில் நின்றது. ‘நேர முகாமைத்துவம் போதாது, வினாவுக்குப் பொருத்தமான மாணவரைத் தெரிவுசெய்க’ என்று விரிவுரையாளர் எழுதினார். தேறினேன், ஆனால் சிறப்புச் சித்தி இல்லை.

அவர் போன பிறகு அதிபர் அன்றைய தாளை எடுத்துக் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சேர், அப்ப நான் கேட்டிருந்தா நீங்க பதில் சொல்லியிருப்பீங்களா?”

அவர் தாளை மேசையில் வைத்தார்.

“இல்ல டீச்சர். தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றார். “அதுக்காவது ஒருக்கா எழும்பியிருப்பேனே.”