தோணி சும்மா கிடக்கும் நேரம்

என் தம்பி உதயரூபனின் மனைவி அஜந்தாவை எங்கள் கரையில் 'அளவுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். சோற்றுக்குத் தண்ணீர் வைப்பதென்றாலும் விரலை மூன்று தரம் விட்டுப் பார்ப்பாள். வாவியில் கொடுவா மீன் வளர்க்க மீனவர் சங்கம் வலைக் கூடுகளை இறக்கியபோது, தண்ணீரை அளந்து எழுத ஓர் ஆள் கேட்டார்கள். வேறு யாரைப் பிடிப்பது? இரண்டு நாள் பயிற்சி கொடுத்து தண்ணீரில் கரைந்த மூச்சுக் காற்றை அளக்கும் ஒட்சிசன் மீற்றர் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள். அதைப் பச்சைப் பிள்ளையைப்போல் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரிவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

சிரிக்கிற வேலையில்லை அது. வாவி இத்தனை கூடுதான் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. கூடு அதிகமானால் தீனும் கழிவும் அதிகமாகும், தண்ணீரில் மீனுக்கு மூச்சுக் காற்று போதாமல் போகும். அவள் எழுதிக் கொடுத்த இலக்கங்களைப் பார்த்துத்தான் உத்தியோகத்தர்கள் அந்த எல்லையைப் போட்டார்கள். நாற்பது கூடு. இறக்கிய வரிசையில் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் என்னுடையவை. இந்த வருடச் சங்கக் கூட்டத்தில் அதை அறுபதாக்கப் போவதாகக் கதை வந்தது. புதுக் கூடு கிடைப்பவர்களின் பட்டியலில் முதல் பெயர் என் தம்பியுடையது.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த கிழமை. மழை இல்லை, வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்தது, காற்றும் விழுந்துவிட்டது. தம்பிக்குக் காய்ச்சல். மற்ற நாட்களில் அவன் வலை இழுத்து மீனைக் கொடுத்துவிட்டு வர எட்டரை ஆகும். அதற்குப் பிறகுதான் அஜந்தாவுக்குத் தோணி கிடைக்கும். அன்று தோணி சும்மா கிடந்ததால் ஐந்தரைக்கே புறப்பட்டாள். தீன் போட நானும் ஏறினேன்.

என் கூட்டருகில் மீற்றரின் வயரை இறக்கினாள். ஐந்துக்குக் கீழே போகக்கூடாது. இரண்டு தசம் ஒன்று காட்டியது. கழுவித் துடைத்து மறுபடி இறக்கினாள். அதே இரண்டு தசம் ஒன்று. கூட்டுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பழுதாப் போச்சு புள்ள அது," என்றேன்.

"பொறுங்க மச்சி. பாப்பம்." புருசனின் அக்காவான என்னை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

வெயில் ஏறும்வரை தோணியிலேயே இருந்தோம். ஏழு மணிக்கு மூன்று. எட்டுக்கு நாலரை. ஒன்பதுக்கு ஆறு. மீன்களும் கீழே இறங்கிவிட்டன. மீற்றரில் ஒரு பழுதும் இல்லை.

அவள் முகம் வெளிறிவிட்டது. "வெயில் பட்டாப் பாசி ஒட்சிசன் விடும். ராவைக்கு அதும் மீனும் சேந்து எடுக்கும். விடியக்குள்ளதான் ஆகக் குறையும் எண்டு பயிற்சியில சொன்னவங்க. நான் நாலு வருஷமா ஒம்பது மணிக்குத்தானே மச்சி அளந்திருக்கன்."

"ஆரு கேட்டது உன்ன? கூட்டம் முடியட்டும். உன்ட புருசன்ட பேரு முதல்ல கிடக்கு, மறந்திட்டியா?"

அவள் மீற்றரைத் துவாயில் சுற்றினாள்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் வாயைத் திறந்தால் எல்லை குறையும், கடைசியாக இறக்கிய வரிசையில் என் கூடுகளும் போகும். திறக்காவிட்டால் இன்னும் இருபது கூடு வந்து, ஒரு விடியலில் எல்லார் மீனும் வயிறு மேலாக மிதக்கும். எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. உப்புக் கேட்பதுபோல் அவள் வீட்டுக்குப் போய், "சொல்லப் போறியா?" என்று கேட்பேன். "தெரியா மச்சி," என்பாள். ஆனால் அடுத்த இரண்டு விடியலும் தனியே தோணியைத் தள்ளிக்கொண்டு போனதைக் கண்டேன்.

கூட்டத்தில் உத்தியோகத்தர் அறுபது கூட்டுக்கான கடிதத்தை விரித்தார். அஜந்தா எழும்பினாள்.

"சேர், என்ட அளவு பிழை. தோணி கிடைக்கிற நேரத்துக்குத்தான் அளந்தன். விடியக்குள்ள அளக்கேல்ல. இப்ப மூண்டு விடியல் அளந்திருக்கன். ஒருநாளும் ரெண்டரைக்கு மேல போகேல்ல."

சபை இரைந்தது. "பொஞ்சாதிய வாய மூடி இருக்கச் சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒருவன் தம்பியைப் பார்த்துக் கத்தினான்.

காய்ச்சல் விட்டும் விடாத குரலில் தம்பி சொன்னான்: "தோணி என்ட. பிந்திக் குடுத்தது நான்."

உத்தியோகத்தர் பேனையை மூடவில்லை. "கடிதம் இண்டைக்கே போகணும். நிப்பாட்டுறதெண்டா இன்னொராள்ட சாட்சியும் வேணும். நிப்பாட்டினா நாங்களே விடியக்குள்ள வந்து அளப்பம். இதே அளவு வந்தா, கடைசியா இறக்கின பன்னிரண்டு கூட்டையும் தூக்க வேண்டி வரும். விடிய அளக்கக்குள்ள உங்களோட வேற ஆரும் இருந்தாங்களா, தங்கச்சி?"

அஜந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் சொன்னால் போதும், சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. என்னைக் காப்பாற்றத் தனியே நிற்கிறாளே என்று அவள்மேல் வந்த ஆத்திரத்தில் எழும்பினேன்.

"நானும் தோணியில இருந்தன் சேர். ரெண்டு தசம் ஒண்டுதான். என்ட மீன் வாயத் திறந்துகொண்டு நிண்டத என்ட கண்ணால கண்டன்."

உத்தியோகத்தர் பெயர் கேட்டார். சொன்னேன். இருக்கிற கூடுகளின் பட்டியலில் விரலை ஓடவிட்டு என் இரண்டு கூட்டு இலக்கங்களிலும் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம்," என்றேன், "அது ரெண்டும் என்டதான்."