முழுப் பேர்

அறுபதுகளின் தொடக்கம். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற குடியேற்றக் கிராமம் ஒன்றில், வாய்க்கால் ஓரமாகக் கொட்டில் போட்டுக்கொண்டு நானும் என் மகளும் இருந்த காலம் அது.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். எனக்கு வலை தெரியும், அரிவாள் தெரியாது. கடலுக்குப் போன என் புருஷன் திரும்பி வராமல் போனபிறகு கரையில் எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டு வந்துவிட்டேன். குடியேற்றத்தில் நெல்லுக் குற்றினேன், தென்னோலைக் கிடுகு பின்னினேன். ஒருவர் வாசலிலும் போய்க் கைநீட்டி நிற்கவில்லை. ஆனால் மாரி தொடங்கினால் அந்த வேலைகளும் இல்லை. மழைக்குள் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?

அதைத் தெரிந்துகொண்டு ஒரு மனுஷி என்னிடம் வந்து போய்க்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம், அதைத் தூக்கி வைத்திருக்க ஒரு சின்னப் பெட்டை வேண்டுமாம். "உன்ர பிள்ளைக்கு மூண்டு நேரச் சாப்பாடு, நல்ல உடுப்பு. நீயும் கவலையில்லாமல் இருக்கலாம்," என்பாள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது நடக்கிறது. தானே இன்னும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்கிறவள். மாரி தொடங்கட்டும், சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு மூடை நெல் வீட்டில் இருந்தால் 'இல்லை' என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு மூடைதான் அந்த வருடம் முழுக்க என் நினைப்பு.

அந்த ஊர்க்காரருக்கு வேறு கவலை. ஆவணியில் குளத்துத் தண்ணீரில் விளைகிற சிறுபோகத்துக்கு அறுவடை, அதே நேரம் பள்ளிக்கூடமும் விடுதலை. மற்ற நாட்களில் பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு போய்விடும், சின்னதுகளையும் இழுத்துக்கொண்டு போகும். வாத்தியார் பார்த்தும் பாராமல் விட்டுவிடுவார். விடுதலை விட்டால் எல்லாம் வீட்டில். தாய் தகப்பன் இரண்டு பேரும் வயலில். யாழ்ப்பாணத்தில் என்றால் தாய், மாமி, பெரியம்மா என்று வேலிக்கு வேலி ஆள் இருக்கும். இங்கே காணி கிடைத்து வந்தவர்கள் எல்லாரும் இளம் குடும்பங்கள். பிள்ளையைப் பிடியுங்கோ என்று கொடுக்க ஒரு கை இல்லை.

முந்தின வருடம் ஒரு தாய் மூத்த பிள்ளையிடம் சின்னவனை விட்டுவிட்டு அறுவடைக்குப் போனாள். வாய்க்கால் அவனைக் கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு சில பேர் பிள்ளையின் காலில் சேலைத்துண்டைக் கட்டி வீட்டுக் கப்புத் தூணோடு முடிந்துவிட்டுப் போனார்கள். வயலுக்குள் நின்றாலும் அவர்களுடைய காது வீட்டில்தான் இருந்தது.

அதனால் இந்த முறை பெண்டுகள் கூடிக் கதைத்து என்னிடம் வந்தார்கள், பிள்ளைகளைப் பார்ப்பாயா என்று. பார்க்கிறேன், என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அறுக்கிறவளுக்குக் கொடுக்கிற கூலி வேண்டும் என்றேன். அதற்கு ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

"மரத்துக்குக் கீழ இருந்து ஏணை ஆட்டுறதுக்கும் கூலியோ? அப்ப நானும் வாறன், என்னையும் சேர்த்து ஆட்டு," என்றார் ஒருவர்.

"உங்களை ஆட்டினால் மரம் தாங்காது அண்ணை," என்றேன். அவருடைய மனுஷியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். கூலி இல்லை. அதற்குப் பதிலாக, எல்லாருடைய வயலிலும் அறுத்த பிறகு நிலத்தில் விழுந்து கிடக்கும் கதிர் எனக்கு. வேறு யாரும் பொறுக்கக் கூடாது, மறுநாள் காலையில்தான் மாடு விடுவார்கள். அவர்களுக்குக் கையிலிருந்து ஒன்றும் போகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை வயல், அத்தனை வரம்பு. வயலுக்கு ஒரு ஓலைக் கடகம் சேர்ந்தாலும் மூடை நிரம்பிவிடும் என்று ஓம் சொல்லிவிட்டேன்.

வாய்க்காலுக்குத் தள்ளி ஒரு பெரிய மருதமரம் நின்றது. கொப்புகளில் வரிசையாகச் சேலைத் துணியால் ஏணை கட்டினேன். தவழுகிறது, நடக்கிறது, ஓடுகிறது, சண்டை பிடிக்கிறது என்று ஒரு கூட்டம். என் மகள் ஏணைகளை ஆட்டிக்கொண்டிருப்பாள், நான் ஓடுகிறதுகளைத் துரத்திப் பிடிப்பேன். கச்சான் காற்றுப் புழுதியில் எல்லாப் பிள்ளையும் ஒரே நிறம். பின்னேரம் எது யாருடையது என்று தாய்மாரே தேடுவார்கள்.

கூலிக்கு அறுக்க ஒரு கூட்டம் வந்திருந்தது. மலைநாட்டில் தேயிலைத் தோட்ட வேலை இல்லாமல் போய் இந்தப் பக்கம் வந்த ஆட்கள். அதில் ஒரு இளம் பெண். புருஷன் வவுனியாப் பக்கம் றோட்டு வேலைக்குப் போய்விட்டானாம். மாதக் கணக்கில் ஒரு பெண்குழந்தை, அதை வரம்பில் துணி விரித்துக் கிடத்திவிட்டு அறுத்தாள். முதல் நாளே எறும்பு கடித்துக் குழந்தை வீரிட்டது. நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்து ஒரு ஏணையில் போட்டேன்.

அவள் அரிவாளோடு ஓடி வந்தாள். "அக்கா, எனக்கு வயலு இல்லக்கா. குடுக்க ஒண்ணும் இல்ல."

"நான் கேட்டனானோ?" என்றேன். "ஏணை ஒண்டு கூடினால் கை கழண்டு விழாது. நீ போய் அறு."

ஊர்ப் பெண்டுகளுக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் கதிர் விட்டுத் தருகிறோம், அவள் சும்மா விட்டுவிட்டுப் போகிறாளே, எந்த ஊர் ஆட்களோ தெரியாது என்று முணுமுணுத்தார்கள். அந்தக் குழந்தையை எடுக்கச் சொன்னால் எல்லா ஏணையையும் அவிழ்த்துவிடுவேன் என்று சொன்னேன். பிறகு அந்த ஏணையும் மற்றதுகளோடு சேர்ந்து தொங்கியது.

அன்று மத்தியானம் அந்தத் தோட்டத்துப் பெண் பால் கொடுக்க வந்தாள். மரத்தில் தொங்கும் ஏணைகளைப் பார்த்துச் சொன்னாள். "எங்க தோட்டத்துல புள்ள மடுவம்னு ஒண்ணு இருந்துச்சுக்கா. மலைக்குப் போகயில புள்ளைங்கள அங்க விட்டுட்டுத்தான் போவோம். புள்ள பாக்குற அம்மாவுக்கும் முழுப் பேரு போடுவாங்க."

பேர் என்றால் என்ன என்று கேட்டேன். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் சொல்வார்களாம். நாள் முழுக்க வேலை செய்தால் முழுப் பேர், பாதியில் நின்றால் அரைப் பேர். பிள்ளை பார்க்கிறவளுக்கும் கொழுந்து பறிக்கிறவளைப் போல முழுப் பேர்.

"இங்க ஒங்களுக்கு எவ்வளவுக்கா?"

விழுந்த கதிர் என்றேன். அவள் குழந்தையின் வாயைத் துடைத்து என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் முதல் முதலாகக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு மகளோடு வயலுக்குள் இறங்கினேன். கைபிடி கைபிடியாக உப்பட்டி போட்டு அறுத்து வைத்த கதிரைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிலம் கூட்டி அள்ளிய முற்றம் போலக் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தோம். கடகத்தின் அடி மூடவில்லை. விழுகிறது எனக்கு என்று சொன்னவர்கள், விழாமல் அறுங்கள் என்று அறுக்கிறவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். அது மட்டும் இல்லை. நான் பகல் முழுக்கப் பார்த்து, முகம் கழுவிக் கொடுத்து அனுப்பிய பிள்ளைகளே வீட்டுக்குப் போகிற வழியில் கதிர் பொறுக்கிக்கொண்டு போயின. ஒரு சின்னவன் கை நிறையக் கதிரோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு என்ன தெரியும்? தாய் சொன்னாள், செய்தான்.

அடுத்த வயலும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். நான் ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள்? விழுந்தால்தானே உனக்கு, விழவில்லையே என்பார்கள். பேச்சில் அவர்கள் பிழை விடவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை, வாய்க்கால் பக்கத்தில் இருந்தது. வந்து போகிற அந்த மனுஷி மட்டும் கண்ணுக்குள் நின்றாள்.

பிறகு ஒருநாள் ஒரு வயலில், ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கதிர் கிடந்தது. மறுநாளும் வேறு வயலில் ஒரு பக்கத்தில் கிடந்தது. யார் அறுத்த பக்கம் என்று மகளைக் கேட்டேன். அந்தத் தோட்டத்துப் பெண் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுந்து கிள்ளின கைக்கு நெல்லுப் பிடிபடவில்லை என்று நினைத்தேன். மத்தியானம் அவள் பால் கொடுக்க வந்தபோது, "உன்ர கை ஓட்டைக்கை போல கிடக்கு பிள்ளை. பிடிக்கிறதில பாதி நிலத்தில," என்று பகிடி விட்டேன்.

"ஆமாங்கக்கா, ஓட்டக் கைதான்," என்று அவளும் சிரித்தாள்.

அந்த ஓட்டைக் கையால் என் கடகம் நாளுக்கு நாள் கனத்தது. கொட்டிலுக்குள் காய்ந்த நெல் மணக்கத் தொடங்கியது.

அறுவடை முடியப் போகிற சமயம், ஒரு காணிக்காரர் அவளுக்குப் பின்னால் நடந்து பார்த்திருக்கிறார். அவர் போட்ட சத்தம் மருதமரம் வரைக்கும் கேட்டது. ஏணையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் முழித்துக்கொண்டன.

"இது என்னடி அறுவை? கோழிக்கு எறியிறியோ? ஆரின்ர நெல்லெண்டு நினைச்சாய்?"

அவளைக் கூட்டி வந்த கங்காணிக்கு வெட்கம். தன் ஆட்களுக்கு எல்லாம் கெட்ட பெயர் வந்துவிடும் என்று அவனும் சேர்ந்து பேசினான். கை கெட்டவள், இவளை இனி ஒருவரும் வேலைக்குக் கூப்பிடாதீர்கள் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "கை வழுக்கிருச்சுங்க," என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

அரிவாளை வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்தாள். ஏணையில் இருந்து குழந்தையைத் தூக்கித் துணியால் தோளோடு கட்டினாள். பஸ் எடுத்துப் புருஷனிடம் போவதாகச் சொன்னாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, என் காதோடு சொன்னாள்.

"வாய்க்காப் பக்கத்து வரப்போரமா நடந்து பாருங்கக்கா. வைக்கலு கெடக்கும், அதைத் தூக்கிப் பாருங்க. காலையில மாடு விட்டுருவாங்க."

சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் பாதித் தூரம் போன பிறகுதான் ஏதோ கொஞ்சம் உறைத்தது. ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மரத்தைச் சுற்றி ஊரின் பிள்ளைகள் அத்தனையும் நிற்கின்றன, பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது. பிள்ளை பார்க்கிறவளுக்குக் கால் தன்னுடையது இல்லை. கூப்பிட்டேன். கச்சான் காற்று என் குரலை மற்றப் பக்கமாகக் கொண்டு போனது. புழுதிக்குள் அவள் முதுகு சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது.

தாய்மார் வந்து கடைசிப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த வரம்புக்குப் போனேன். அறுத்த அடித்தாளுக்கு மேலே அங்கங்கே கொஞ்சம் வைக்கோல் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு கைபிடிக் கதிர். தவறி விழுந்த கதிர் தாறுமாறாகக் கிடக்கும். இது எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து, ஈரம் படாமல் தாளின் மேல் படுக்க வைத்திருந்தது. ஏணையில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி. அடுத்த வைக்கோலுக்குக் கீழேயும் அப்படி. அதற்கு அடுத்ததிலும் அப்படி.

வரம்பிலே இருந்துவிட்டேன். அவள் கையில் ஓட்டை இல்லை. அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரக் கை அவளுடையது. எனக்கு ஒரு பேர் போடுவதற்காகத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் அவளைப் பகிடி பண்ணினேன், அவள் ஓம் என்று சிரித்தாள். மகள் என்னைப் பார்த்து, ஏன் அம்மா அழுகிறாய் என்று கேட்டாள். கண்ணுக்குள் புழுதி என்றேன்.

அந்த நெல் ஒரு மூடைக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மரவள்ளிக் கிழங்கும் சேர்த்து மாரியை இழுத்துவிட்டோம். யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளை கேட்டு வந்த மனுஷியிடம், இனி இந்தப் படலையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மகள் என்னோடேயே வளர்ந்தாள்.

அடுத்த சிறுபோகத்துக்கு முன்னால் ஊர்ப் பெண்டுகள் திரும்ப வந்தார்கள், அதே பேச்சுக்கு. முழுப் பேர் போட்டால் வருகிறேன் என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்தினேன். போய் ஆம்பிளைகளிடம் சொன்னார்கள். சிரிப்புச் சத்தம் என் கொட்டில் வரைக்கும் கேட்டது. நான் போகவில்லை. அந்த ஆவணியில் மருதமரத்தில் ஏணை தொங்கவில்லை. வீடுகளில் கப்போடு கட்டின பிள்ளைகள் அழுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு கிடுகு பின்னுவது எனக்கும் லேசாக இருக்கவில்லை.

அவளைப் பற்றிப் பிறகு கண்டவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். வவுனியாச் சந்தைக்குப் போன நேரங்களில் மலைநாட்டு முகங்களைக் கண்டால் நின்று பார்ப்பேன். ஒரு தகவலும் இல்லை. கை கெட்டவள் என்ற பேரோடு அவளுக்கு அதன் பிறகு யார் வேலை கொடுத்தார்களோ, அந்தக் குழந்தையை எந்த வரம்பில் கிடத்தினாளோ, எனக்குத் தெரியாது.

எனக்கு வயது போய்விட்டது, கண்ணும் மங்கல். ஆனால் இன்றைக்கும் ஒருத்தியைக் காட்டி அவள் கவனம் இல்லாதவள், கை சரியில்லாதவள் என்று யாராவது சொன்னால், நான் ஓம் என்று தலையாட்டுவதில்லை. அவள் அறுத்துவிட்டுப் போன வரம்போரம் வைக்கோலைத் தூக்கிப் பார்த்தீர்களா என்றுதான் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.