சனிக்கிழமைக்கு வைத்திருந்த கேள்வி

எங்கள் விளையாட்டுக்கு இரண்டே இரண்டு சட்டங்கள். சனிக்கிழமைக்கு முன்னால் கேள்வியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சரியான விடை சொன்னவள் எதைக் கேட்டாலும், கன்றோ கிளையோ விதையோ, கேள்வி போட்டவள் மறுக்காமல் கொடுக்க வேண்டும். இரண்டு சட்டத்தையும் உண்டாக்கியவள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன், சட்டம் போடுகிற வியாதி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்முனையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், மண் என்று சொல்வதெல்லாம் கடற்கரை மணல்தான். அதில் எதையாவது முளைக்க வைக்கிறவளுக்குப் பிடிவாதம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிப் பிடிவாதக்காரிகள் நாங்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா. சொந்தம் இல்லை, என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா, அக்கா. மூன்றாவது, எதிர் வீட்டுத் தையல் மச்சி. ஊசியைவிட வாய் கூர். சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, மரங்களுக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு, ராத்தாவின் கிணற்றுக்கட்டில் வந்து உட்காருவோம். தேத்தண்ணீர் ராத்தாவுடையது, கேள்வி முறைக்கு ஒருத்தியுடையது. வானொலியில் கேட்டது, பழைய சஞ்சிகையில் பார்த்தது, யாரோ சொன்னது, எல்லாம் கேள்வியாக வரும். இப்படித்தான் மச்சியின் கறுப்பு வெற்றிலை என் வீட்டுக்கு வந்தது. என் அடுக்கு நந்தியாவட்டை ராத்தாவிடம் போனது.

ராத்தாவின் பெருமை வெள்ளைச் சோளன். மக்காச்சோளத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மணி ஒவ்வொன்றும் பால் பல் போல வெளுப்பு. அவருடைய உம்மா புழங்கிய விதை அது. எங்கள் பகுதியில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டில்தான் போய் இருப்பான். ராத்தாவின் ஒரே தம்பி அப்படிச் சவளக்கடைக்குப் போனவர், அங்கே காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனையில் அந்த விதையை அழியாமல் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் சைக்கிளில் ஒரு சின்னப் பையில் கொண்டுவந்து ராத்தாவின் கையில் கொடுப்பார். ராத்தா அதை வாங்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்! தம்பி வந்த சந்தோஷமா, சோளன் வந்த சந்தோஷமா என்று மச்சி கேட்டுச் சீண்டுவாள்.

அந்த வருஷம் எனக்கும் சோளன் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்துப் பியோன் மொனராகலைப் பக்கம் போய்வந்தபோது ஊதாநிறச் சோளன் ஒரு பிடி கொண்டுவந்து தந்தார். வேலியோரமாக ஒரு நீள வரிசை போட்டேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் பூ விரித்து நின்றபோது, ஒழுங்கையால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராத்தா தன் சோளனை ஒரு சனிக்கிழமை எங்கள் முன்னால்தான் முறித்தார். முதல் பொத்தியின், கதிரின், தோலை உரித்தார். வெள்ளை மணிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக ஊதா. அடுத்ததை உரித்தார், அதிலும் ஊதா. ராத்தாவின் கை நின்றுவிட்டது.

"இதென்ன புள்ள? நீ படிச்சவள், சொல்லு. எப்பிடி இந்த நிறம் வந்த?"

நான் பொத்தியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மிளகாயில் கலப்பு நடந்தால் அந்த வருஷக் காயில் தெரியாது, அதன் விதையைப் போட்டு வருகிற மரத்தில்தான் தெரியும். சோளனும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

"விதையிலதான் கலப்பு, ராத்தா," என்றேன். வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அவ்வளவுதான். ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நல்ல விதையப் பொண்டாட்டி வீட்டாக்களுக்குக் குடுத்திட்டு, எனக்குச் சவறக் கொண்டு வந்திரிக்கான். உம்மாட விதையில கூட எனக்குப் பங்கில்லையாக்கும்!" என்றார். மச்சிகூட அன்றைக்குப் பகிடி விடவில்லை.

அடுத்த கிழமை அந்தத் தம்பி வந்தார், மகளின் கலியாணம் சொல்ல. பெண்ணுக்கு ராத்தா மாமி, தகப்பனுடன் பிறந்த ஒரே சகோதரி. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் முதல் குரவை போட வேண்டியவர். ராத்தாவின் குரவை எங்கள் பக்கத்தில் பெயர் போனது. நாக்கு சுழன்றால் மூன்று ஒழுங்கைக்குக் கேட்கும். ஆனால் அன்று வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்டது வேறு சத்தம். வாசல் கடப்படியிலேயே வைத்து ராத்தா கொட்டித் தீர்த்தார். தம்பி எல்லாவற்றையும் கேட்டார். "நான் பாக்கிறன் ராத்தா," என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணீர் குடிக்காமல் சைக்கிளைத் திருப்பினார். "கலியாணத்துக்கு என்னப் பாத்துக்கிட்டு இரிக்காத!" என்று ராத்தா பின்னாலிருந்து கத்தினார். நான் ஊதாச் சோளனுக்குள் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். உடன்பிறந்தவர்கள் சண்டை, நமக்கென்ன என்றுதான் நினைத்தேன்.

கலியாணம் வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமைப் பின்னேரம், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வானொலியில் ஒரு விஞ்ஞானப் பேச்சு. அமெரிக்காவில் ஒரு பெண். வாழ்நாள் முழுவதும் சோளனை நட்டு, சோளனைப் பார்த்து, பொத்தியில் எந்த மணி எந்த நிறம், ஏன் அந்த நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். உயிரணுவுக்குள் இருக்கிற பரம்பரைக் குறிப்புகள் இடம் விட்டு இடம் தாவும் என்று சொன்னபோது பெரிய பெரிய ஆண்கள் நம்பவில்லை. அவர் சண்டைக்குப் போகவில்லை, திரும்பவும் சோளனுக்குள் போய்விட்டார். எண்பது வயது தாண்டிய பிறகு உலகத்தின் மிகப் பெரிய பரிசு வந்தது.

எனக்குப் புல்லரித்தது. சனிக்கிழமை என் முறை. இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா! துருவலையை விட்டு எழும்பி வானொலிக்குப் பக்கத்தில் போனேன். அப்போதுதான் பேசியவர் அந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். சோளன் பொத்தியில் ஒவ்வொரு மணிக்கும் தாய் ஒன்றுதான், தகப்பன் வேறு வேறாக இருக்கலாம். காற்று எந்த மரத்தின் பூந்தூளைக் கொண்டுவருகிறதோ, அந்த நிறம் அந்த மணியிலேயே, அந்த வருஷத்திலேயே தெரிந்துவிடும்.

ஜன்னலால் பார்த்தேன். வேலியோரத்தில் என் ஊதாச் சோளன் வரிசை காய்ந்து நின்றது.

அந்தப் பெண் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. நான் ஒன்றையும் பார்க்காமல் சொன்னேன், கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள். வெட்கத்தில் காது சுட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா கோழிகளை அதட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ராத்தா" என்று ஒரு கூப்பிடு கூப்பிட்டிருந்தால் போதும். அவர் அடுத்த நாள் காலை கலியாணத்துக்குப் பஸ் ஏறியிருப்பார்.

நான் கூப்பிடவில்லை. கேள்வியை முன்கூட்டி அவிழ்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொன்னேன். அது பொய் இல்லை, சட்டம்தான். ஆனால் உள்ளே இருந்தது பயமும் ஆசையும். விஞ்ஞான ரீச்சருக்குச் சோளன் தெரியாது என்று ஒத்துக்கொள்ளப் பயம். அதையே சனிக்கிழமை ஒரு கெட்டிக்காரக் கேள்வியாக மாற்றிவிட்டால் வெட்கம் பாதியாகிவிடும் என்ற ஆசை. கலியாணத்தைப் பற்றி நினைக்கவில்லையா என்று கேட்டால், நினைத்தேன். கோபத்தில் சொன்னாலும் ராத்தா கடைசி நேரத்தில் போய்விடுவார், அவர் மனம் எனக்குத் தெரியாதா, என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ராத்தா போகவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் வளவைக் கூட்டிக்கொண்டே இருந்தார். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினார்.

சனிக்கிழமை கிணற்றுக்கட்டில் நான் கேள்வியைப் போட்டேன். "உலகத்திலேயே பெரிய விஞ்ஞானப் பரிசு எடுத்த ஒரு பொம்புள, ஆயுசு முழுக்க ஒண்டையே பாத்துக்கிட்டு இருந்தா. எதை?"

"புருஷனையோ?" என்றாள் மச்சி.

"அவ கலியாணமே முடிக்கல்ல."

"அதான் பரிசெடுத்திரிக்கா!"

ராத்தா கொஞ்சமாகச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ முழிக்கிற முழியப் பாத்தா வளவுச் சாமான்தான். என்ன, சோளனோ?"

"ஓம் ராத்தா," என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஒரு மூச்சில், வேகமாக, அவர் முகத்தைப் பார்க்காமல். தாய் ஒன்று, தகப்பன் பல என்று வந்ததும் மச்சி, "அஸ்தஃபிருல்லாஹ்! சோளனுக்கு நிக்காஹ் கிடையாதா?" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ராத்தா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது தம்பிர விதையில வந்த பிழையில்ல."

"இல்ல ராத்தா. என்ட சோளன்தான். காத்துல வந்திரிக்கு. நான்தான் பிழையாச் சொல்லிட்டன்."

"நீ எப்ப இதக் கேட்ட?"

நேற்று என்று சொல்லலாமா என்று யோசித்தேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும். "வியாழக்கிழமை," என்றேன்.

மச்சி தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். ராத்தா ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசினால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முந்தானையைச் சரிசெய்தார். "நான்தானே விடை சொன்ன. கேக்கிறதக் குடுக்கணும் நீ," என்றார். "நாளைக்கு என்னோட சவளக்கடைக்கு வா. இஞ்ச சொன்னத அங்க சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ராத்தா மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். தம்பியின் வாசலில் கலியாணப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. தம்பி ராத்தாவைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தார். உட்காரச் சொல்லும் முன்பே நான் சொல்லத் தொடங்கினேன். வானொலி, காற்று, ஊதா, என் வாய்க்கொழுப்பு, எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டார்.

"நான் விதைய எத்தினையோ தரம் பாத்தன், ரீச்சர்," என்றார். "எல்லாம் வெள்ளயாத்தான் கிடந்த. ஆனா ராத்தா ஒண்டு சொன்னா அதில பிழை இரிக்காதே. உள்ளால கெட்டுப் போச்சி போல எண்டு வெச்சிருந்த விதை முழுக்க மாட்டுக்குப் போட்டுட்டன்."

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. ராத்தா பொட்டலத்தைப் பிரித்தார். அந்தப் புள்ளிப் பொத்திகள்! தம்பி குற்றவாளி என்று காட்ட அடுப்புக்கு மேலே தொங்கப்போட்டிருந்தவை. நான் பொத்தியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ஊதா வலிமையான நிறம், கலந்தால் மறையாது, வெள்ளையாக இருக்கிற மணிக்குத் தகப்பனும் வெள்ளைதான், அதைப் போடலாம், என்று சொன்னேன். இந்தத் தடவை வகுப்புக் குரல் வரவில்லை. மூன்று பேரும் பந்தலுக்குக் கீழே இருந்து வெள்ளை மணிகளைப் பொறுக்கத் தொடங்கினோம்.

பொறுக்கிக்கொண்டே ராத்தா கேட்டார். "மாப்பிள வரக்குள்ள ஆர் முதல் குரவை போட்ட?"

தம்பி நிமிரவில்லை. "ஒருத்தரும் போடல்ல. நான் விடல்ல. அது உங்கட."

ராத்தாவின் மடியிலிருந்த மணிகள் நிலத்தில் சிந்தின. அவர் எழும்பினார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்றும் இல்லாமல், குரவை போட்டார். கோழிகள் சிதறி ஓடின. உள்ளேயிருந்து புதுப்பெண் தலையை மூடிக்கொண்டு ஓடிவந்து வாசலில் நின்றாள், மாமியைக் கண்டு அழத் தொடங்கினாள். ஒருத்தி குரவை போட்டால் கூட நிற்கிறவள் சேர்ந்து போட வேண்டும். நான் குனிந்து சிந்திய மணிகளைப் பொறுக்கினேன்.

பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஆர்ட கலியாணம் இண்டைக்கு?"

ராத்தா புதுப்பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முந்தநாள் முடிஞ்ச கலியாணம்," என்றேன். "நான்தான் பிந்த வெச்சிட்டன்."