அணைத்தேனா, அணைத்துவிட்டேனா?

சென்ற ஆண்டு, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில் நடந்தது இது. என் மருமகள் ரஷ்யப் பெண். அவளுடைய பிரசவத்துக்காக அவள் தாயார், என் சம்பந்தியம்மா, வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கு ரஷ்ய மொழி தவிர வேறு தெரியாது. அவரோடு நாலு வார்த்தை பேசவேண்டுமே என்று பதினான்கு மாதம் முன்பே நான் படிக்கத் தொடங்கியிருந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள், மூன்று நோட்டுப் புத்தகங்கள்.

அந்த மொழியில் வினைச்சொற்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். செய்வதற்கு ஒன்று, செய்து முடிப்பதற்கு ஒன்று. இந்த வயதில் ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு சொல் என்று ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்தேன். பாதி உழைப்பு மிச்சம் என்று பெருமை வேறு.

பேரன் பிறந்த மறுநாள் காலை, நானும் சம்பந்தியம்மாவும் கிள்ளானில் உள்ள மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். காபி போட்டபின் அடுப்பை அணைத்தேன். பிறகு மருமகளுக்குக் கொண்டுபோக மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன். அதற்குள் கார் வந்துவிட்டது. அடுப்பை மூன்று முறை பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன், அன்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

காரில் ஏறியதும், கேஸை அணைத்தாயிற்றா என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"விக்ளூச்சால்" என்றேன். அணைத்தேன் என்று சொன்னதாக என் நினைப்பு.

அவர் முகம் மாறியது. "விக்ளூச்சில்?" என்று இரண்டு முறை கேட்டார். என் உச்சரிப்பைத் திருத்துகிறாரே என்று எனக்கு எரிச்சல். இன்னும் சத்தமாக, "விக்ளூச்சால், விக்ளூச்சால்!" என்றேன். அவர் ஓட்டுநரின் தோளைத் தட்டி, வந்த வழியைக் கைகாட்டினார்.

"அங்கிள், ஆன்டி என்னா சொல்றாங்க? திரும்பணுமா? ஹைவே ஏறிட்டா முடியாது லா."

திரும்பினோம். கதவைத் திறந்ததும் கேஸ் வாடை. பால் பொங்கி வழிந்து தீ அவிந்திருந்தது. பழக்கத்தில் என் விரல் விளக்கு சுவிட்சுக்குப் போனது. அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்து என்னை வெளியே தள்ளினார். தாமே உள்ளே போய் அடுப்பை மூடி, ஜன்னல்களைத் திறந்தார். கீழ் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனையில், எங்கள் வீட்டுத் தமிழ் நன்றாகப் பழகிவிட்ட மருமகள்தான் விளக்கினாள்.

"மாமா, 'விக்ளூச்சில்'னாத்தான் அணைச்சிட்டேன்னு அர்த்தம், அத நீங்க சொல்லவே இல்ல. அணைச்சேன், ஆனா இப்ப திரும்ப எரியுதுன்னு அம்மாவுக்குக் கேட்டிருக்கு. நீங்க கத்தக் கத்த அவங்களுக்குப் பயம் கூடிருச்சு லா!"

நடந்திருந்ததும் அதுவேதான். எனக்கே தெரியாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். 'சாப்பிட்டேன்' என்பதற்கும் 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதற்கும் பிறந்ததிலிருந்து வேறுபாடு தெரிந்த எனக்கு, இது மட்டும் வீண் சுமையாகத் தெரிந்திருக்கிறது!

ஒதுக்கிவைத்த சொற்களை இப்போது நாளைக்கு ஐந்தாகப் படித்துவருகிறேன். பேரனை மடியில் வாங்கும்போதெல்லாம், ஒரு கிழவனின் அரைகுறைப் பேச்சை ஓர் எழுத்து விடாமல் காதுகொடுத்துக் கேட்ட அந்த அம்மாளை மனத்துக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.