கூடு இல்லாத மூலை

வரைபடத்தில் விருஷபாவதி நதி என்று இருப்பதை நாங்கள் சைட்டில் மோரி, அதாவது சாக்கடை, என்றுதான் சொல்வோம். அதன் மேல் ஒரு பழைய பாலம். அடிப்பக்க விரிசல்களுக்குள் சிமென்ட் கிரவுட் அடித்து அடைக்கும் வேலை. நான் மேஸ்திரி. மழைக்குள் முடிக்கச் சொல்லி இன்ஜினியருக்கு உத்தரவு. அவர் அதை அப்படியே என் தலையில் இறக்கினார்.

பாலத்தடியில், தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள மூன்று ஸ்பேனிலும் தகைவிலான் குருவிகளின் மண் கூடுகள். ஜனவரியில் மோரிக்கரைச் சேற்றை அலகில் கொண்டுவந்து உருண்டை உருண்டையாக ஒட்டிக் கட்டும். கூட்டை எடுத்தால்தான் விரிசல் தெரியும். ஏப்ரலில் முதல் ஸ்பேனுக்குச் சாரம் கட்டி முடித்துப் பார்த்தேன், ஒரு குருவி இல்லை. காலிக் கூடு என்று வாட்டர் ஜெட் போடச் சொன்னேன். சாரம் கட்டிய சத்தத்தில்தான் பெரிய குருவிகள் பறந்து போயிருந்தன. மண்ணோடு குஞ்சுகளும் விழுந்தன.

கலவை போடும் மாரியம்மா ஓடிவந்து மிஷினை நிறுத்தினாள். "உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்டிண்ணா அடிச்சீங்க?"

ஜெட் பைப்பைச் சுருட்டி வைக்கச் சொன்னேன்.

மீதி இரண்டு ஸ்பேனில் குஞ்சுகள் பறக்கும்வரை பொறுக்க இன்ஜினியரிடம் மூன்று வாரம் கேட்டேன்.

"குருவிக்காக மழை நிக்குமா மேஸ்திரி? ஸ்வல்ப ப்ராக்டிகலா யோசிங்க" என்றார் இன்ஜினியர்.

மறுநாள் மாரியம்மாதான் மூன்றாவது ஸ்பேனைக் காட்டினாள். "அந்த மூலைல மட்டும் ஒரு கூடுகூட இல்லியே, ஏண்ணா?"

ஏறித் தொட்டுப் பார்த்தேன். ஈரம். சுத்தியலால் தட்டினால் உள்ளே வெற்றிடம்போலப் பொள்ளென்று கேட்டது. மேலே, பாலத்தின் இரண்டு துண்டுகள் சேரும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் கசிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் மண் எப்படி ஒட்டும்? இன்ஜினியரை ஏற்றிக் காட்டினேன்.

"இது ரிப்போர்ட்லயே இல்லியே" என்றவர், சுத்தியலை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். "சரி, ஃபர்ஸ்ட் இத முடிங்க. அதுக்குள்ள உங்க குருவி பறந்தா பறக்கட்டும்."

ஜாயின்ட் வேலை மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தது. குஞ்சுகள் பறந்துவிட்டன. பிறகுதான் கூடுகளை எடுத்தோம். கிரவுட் காய்வதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. குருவி கண்ணில் படவில்லை என்பதால் கூடு காலி ஆகிவிடாது. சாரத்தை விட்டு இறங்கி, தள்ளி நின்று அரை மணி நேரம் பாருங்கள். உள்ளே குஞ்சு இருந்தால், அதற்கு மேல் தாய்க்குருவி வராமல் இருக்காது.

அடுத்த ஜனவரியில் போய்ப் பார்த்தேன். நாங்கள் சரிசெய்த மூலையில் புதுக் கூடுகள். வேலை முடிந்ததென்று இன்ஜினியர் போட்ட கையெழுத்தைவிட அதுதான் எனக்குத் திருப்தி. நான் ஜெட் அடிக்கச் சொன்ன முதல் ஸ்பேனில் ஒன்றுகூட இல்லை. அங்கேயும் கசிவு இருக்குமோ என்று ஏறி, ஒரு மூலை விடாமல் தட்டிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து, கெட்டியாகத்தான் இருந்தது.