கஜானி அறுத்த காப்பு

என் கையில் கிடந்த கோயில் காப்பு நூலை அறுத்தவள் கஜானி. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். எனக்கு எழுத வராது. நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள், ஒரு சொல்லும் மாற்றவேண்டாம்.

கஜானி வடமராட்சிக் கரையோரத்துப் பிள்ளை. தகப்பன் கடற்றொழில். உயர்தரப் பரீட்சை எடுத்தாள், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் வேலை பழகக் கொழும்புக்குப் போனாள். சிங்களம் ஒரு சொல் தெரியாது. முதல் மூன்று மாதமும் குழாய் கழுவவும் தண்ணீர் சோதிக்கவும்தான் விட்டார்களாம். ஊசி குத்துவதை இறப்பர்க் குழாயில் குத்திக் குத்திப் பழகினாள். இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. விடிய முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. அந்த மெசினுக்குச் சண்டிலிப்பாயில் இருந்து கிழமைக்கு இரண்டு தரம் போகிறேன், இது நாலாவது வருடம். என் இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அதில்தான் இரண்டு ஊசியும் ஏறும். விரலை வைத்தால் பூனையின் வயிற்றைத் தொட்ட மாதிரி இரையும். அந்த இரைச்சல் நின்றால் கை போயிற்று. பிறகு கழுத்தில் குழாய் போடவேண்டும், அது எனக்கு ஏற்கெனவே ஒருமுறை கிருமி பிடித்துச் சாகக் கிடந்த வழி. அந்தக் கையில் வளையல் போடாதே, பை தூக்காதே, பிரஷர் பார்க்கவும் கொடுக்காதே என்று கஜானி எனக்குச் சொல்லாத நாளில்லை.

போன கேதார கௌரி விரதம் முடிந்த அன்று ஐயர் காப்புக் கட்ட வந்தார். பெண்களுக்கு இடது கை. ஐம்பது வருடமாக நீட்டிய கையை நீட்டினேன். பிழை என்னுடையது. ஐயரும் அறியார். முழுகியதில் நூல் நனைந்து முடிச்சு இறுகிவிட்டது. கையும் வீங்கி, நூல் தோலுக்குள் புதைந்தது. சாமி நூல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கஜானி கையைப் பார்த்தாள். டொக்டர்மார் நெஞ்சில் வைக்கும் குழாயைக் காதில் மாட்டி, என் கையில் வைத்துக் கேட்டாள். இரைச்சல் கேட்கவில்லை என்றாள். முடிச்சை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள், அசையவில்லை. அறுக்கவேண்டும் என்றாள். ஐயர்தான் கழற்றவேண்டும் என்று நான் கையை இழுத்தேன்.

"ஐயர் வருமட்டும் இரத்தம் காத்துக்கொண்டு நிக்காது அம்மா. என்னை எவ்வளவெண்டாலும் பேசுங்கோ, கையைத் தாங்கோ."

பேசினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவள் கையை விடாமல் பிடித்து அறுத்தாள். நூலை நிலத்தில் போடவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி, கோயிலில் கொடுக்கச் சொல்லி என் மடியில் வைத்தாள். அவளும் அந்த விரதம் பிடிக்கிறவள்தான். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி இரைந்தது. டொக்டர் வந்து பார்த்து, நல்ல வேளை என்றார்.

நடந்ததை வீட்டில் சொன்னேன். அன்று பின்னேரம் என் மகன் பார்த்தீபன் ஒரு காகிதம் கொண்டுவந்தான். கிளினிக் காகிதம் என்றான். பெருவிரலை வைத்தேன்.

அடுத்த முறை கஜானி இல்லை. புதிதாக வந்தவள் மூன்று தரம் குத்தி, கை கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. கஜானி எங்கே என்று கேட்டேன். உங்கள் முறைப்பாட்டுக் கடிதத்தால்தான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் அம்மா என்றாள்.

நான் மகனையும் இழுத்துக்கொண்டு நேரே மேலாளர் தியாகராசாவிடம் போனேன். அந்தக் காகிதத்தை வாசிக்கச் சொன்னேன். சமயத்தை அவமதித்தாளாம். பலவந்தமாகக் கையைப் பிடித்தாளாம். கடற்கரை ஆட்களுக்குக் கோயில் நூலின் அருமை தெரியாதாம். அதுவும் என் பெயரில்.

"உது நான் சொல்லேல்லை."

அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நடந்தது விளங்கவில்லை என்று மகன் குறுக்கே விழுந்தான்.

"எழுத்துத்தான்ரா தெரியாது. கை என்ரை. அது செத்ததும் உயிர்த்ததும் எனக்குத் தெரியும். கடற்கரை எண்டு எழுதினியே, அந்தப் பெட்டை குத்தின ஊசியிலைதான் உன்ரை கொம்மா நாலு வருசம் உயிரோடை இருக்கிறாள்."

தியாகராசா தண்ணீர் குடியுங்கோ அம்மா என்றார். எனக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் அளவு, அதுகூட அந்த மனிசனுக்குத் தெரியவில்லை. நோயாளி சம்மதிக்காமல் கை வைத்தது விதிக்குப் பிழை, கஜானி மன்னிப்புக் கடிதம் தந்தால் வேலைக்கு எடுக்கலாம் என்றார். நான் இப்போது சம்மதம் சொல்கிறேன், எழுதுங்கள் என்றேன். பிந்திய சம்மதத்துக்குப் படிவம் இல்லையாம்.

கஜானியைக் கூப்பிட்டார்கள். எழுதாதை பிள்ளை என்று அவளின் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ அம்மா. ஒப்பந்தம் முடிய ஆறு மாசம் கிடக்கு. எனக்கு வேலை வேணும், உங்களுக்கு ஊசி வேணும்."

நின்றபடியே எழுதினாள். தியாகராசா அதை வாசித்து, "வருந்துகிறேன்" என்பதை "மிகவும் வருந்துகிறேன்" என்று மாற்றுவித்தார். அவள் மாற்றிக் கொடுத்துவிட்டு, கை கழுவி உறை போட்டுக்கொண்டு மெசின் பக்கம் போனாள்.

அந்தக் கடிதம் அவளுடைய கோப்பில் கிடக்கிறது. அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும்போது எடுத்துப் பார்ப்பார்களாம். பார்த்தீபனோடு நான் கதைப்பதில்லை. அவன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறான், நான் ஓட்டோ பிடித்துப் போகிறேன். இதை எழுதியதும் எனக்கு முழுக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அந்தக் கோப்பில் வைக்கும்வரை தியாகராசாவின் வாசலில் இருக்கப்போகிறேன்.